பெயர் இல்லாத அறிவித்தல்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இன்னும் எழுபத்தொரு மணித்தியாலம் இருந்தபோது, ஷாமினியின் கணினியைச் சங்கம் கொண்டுபோனது.

சங்கம் என்றால் வடபுலம் மிஷன் கல்லூரிப் பழைய மாணவர் சங்கம். வந்தவர்கள் மூன்று பேர். தலைவர் இராசநாயகம், அதே கல்லூரியின் இளைப்பாறிய அதிபர். செயலாளர் கமலாவதி ரீச்சர். பொருளாளர் கனிசியஸ், இளைப்பாறிய நில அளவையாளர். கணினிப் பெட்டியை வெள்ளைத் துணியால் மூடிக் கனிசியஸ் தூக்கினார். ஓட்டோவில் அதற்கு நடு இடம் கொடுக்கப்பட்டது.

“அதிலை என்ரை பென்டிரைவ் செருகிக் கிடக்கு,” என்றாள் ஷாமினி. “அதை மட்டும் தாங்கோ.”

“அது குட்டி,” என்றார் கனிசியஸ். “தாயோடையே இருக்கட்டும்.”

கோப்பாயைச் சுற்றியுள்ள நாற்பத்திரண்டு கிணறுகளில் பதினான்கு மாதங்களாக அவள் தண்ணீர் எடுத்து உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்று அளந்திருந்தாள். அந்தக் கணக்குகள் எல்லாம் பெட்டிக்குள் இருந்தன. மீள்பிரதி பென்டிரைவில் இருந்தது. மீள்பிரதியைக் கணினியிலேயே செருகி வைத்திருப்பவரிடம் மீள்பிரதி இல்லை என்று அவள் படித்திருக்கிறாள். மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறாள். குறிப்புப் புத்தகங்கள் வீட்டில் கிடந்தன. அவற்றிலிருந்து கணக்குகளை மறுபடி செய்ய மூன்று வாரம் வேண்டும்.

நோர்வேயில் ஒரு பல்கலைக்கழகம் அவளுக்கு ஆய்வு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. அறிக்கையை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவர்களுடைய தளத்தில் ஏற்ற வேண்டும். அவளுடைய மின்னஞ்சல் கணக்கு திங்கட்கிழமையே முடக்கப்பட்டிருந்தது. அம்மாவின் கைப்பேசியிலிருந்து பேராசிரியருக்கு எழுதினாள். அவர் உடனே பதில் போட்டார். உன் பெயரில் விசித்திரமான கடிதம் ஒன்று வந்தது, நான் திறக்கவில்லை. தளம் தானாக மூடிக்கொள்ளும், அதில் என்னால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

அவர் திறக்கவில்லை என்பதை ஷாமினி இரண்டு தடவை வாசித்தாள். அவள் அறிந்தவர்களில் திறக்காத ஒரே மனிதர் அவர்தான்.

நடந்தது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் நாலு மணிக்கு இராசநாயகம் சேர் ஷாமினியின் வீட்டுக்கு வருவார். சங்கத்துக்கு வந்த மின்னஞ்சல்களை அவள் அச்சிட்டுக் கொடுப்பாள். அவர் மைப்பேனாவால் பதில் எழுதுவார். அவள் அதைத் தட்டச்சுச் செய்து அனுப்புவாள். சங்கத்துக்குச் சொந்தமாகக் கணினி கிடையாது, மின்னஞ்சல் முகவரியும் கிடையாது. அவள் வகித்த உதவிச் செயலாளர் பதவியே, அவளிடம் கணினி இருப்பது தெரிந்த பிறகுதான் உண்டாக்கப்பட்டது.

கடந்த ஞாயிறு ரொறன்ரோக் கிளைச் செயலாளர் நிருஷனின் பெயரில் ஒரு கடிதம் வந்திருந்தது. தலைப்பு, ‘பதில்: அறிவித்தல்’. உள்ளே ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி. இணைப்பைப் பார்க்கவும். கீழே ஒரு கோப்பு.

“உது நிருஷன் அண்ணை எழுதினமாதிரி இல்லை சேர்,” என்றாள் ஷாமினி. “அவர் எப்பவும் தமிழிலைதான் எழுதுறவர். ஒருக்கா ரெலிபோன் எடுத்துக் கேட்டிட்டுத் திறப்பம்.”

“உதுக்கு ரெலிபோன் எடுத்துக் கேக்கேலாது பிள்ளை.”

ஏன் கேட்க முடியாது என்பது அந்த அறையில் இருந்த இருவருக்கும் தெரியும். அவர் மவுசைத் தன் பக்கம் இழுத்துக் கோப்பைத் திறந்தார். மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்தது. உள்ளடக்கத்தை இயக்க அனுமதிக்கவும் என்றது.

“அதை அமத்த வேண்டாம் சேர்.”

“மரியாதையாத்தானே கேக்குது,” என்று சொல்லி அவர் மவுசால் பட்டையை அமத்தினார்.

பக்கம் வெறுமையாக இருந்தது. அவர் கீழே போனார், மேலே வந்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி கீழே போனார். பிறகு எழுந்தார்.

“உது எங்களுக்குள்ளை இருக்கட்டும்.”

“ஓம் சேர்.”

நோர்வேக்கு அவளுக்காகச் சிபாரிசுக் கடிதம் எழுதியவர் அவர்.

மின்னஞ்சல் புழு செய்வது மிக எளிய வேலை. ஒரு கணினிக்குள் புகுந்ததும் அங்கே கிடக்கும் பழைய கடிதங்களில் ஒன்றை எடுக்கும். அதற்குப் பதில் எழுதுவதுபோல ஒரு வரி எழுதும். தன்னையே ஒரு கோப்பாக இணைத்து, முகவரிப் புத்தகத்தில் இருக்கும் எல்லோருக்கும் அனுப்பும். பெறுபவருக்கு அது, தெரிந்த ஆள் தெரிந்த விஷயத்தைப்பற்றி எழுதிய கடிதம். மஞ்சள் பட்டையை ஒருவர் அமத்தும்வரை புழுவுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. நிருஷனின் கணினியில் புழு எடுத்த பழைய கடிதம் ‘அறிவித்தல்’. ஷாமினியின் கணினியில் எடுத்ததும் அதுவே.

திங்கள் காலை ஆறு மணிக்குள் ஷாமினியின் பெயரில் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேருக்கு அறிவித்தல் போய்விட்டது. வேறு தலைப்பு என்றால் பாதிப்பேர் திறக்காமல் விட்டிருப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு ‘அறிவித்தல்’ என்றால் மரண அறிவித்தல்தான். கனிசியஸ் பிறகு சொன்னதுபோல, “திறக்காமல் விட்டிட்டுச் செத்தவீட்டிலை எந்த முகத்தோடை நிக்கிறது?” உலகமெங்கும் பழைய மாணவர்கள் திறந்தார்கள். வெறும் பக்கம் வந்தது. மஞ்சள் பட்டையை அமத்தினார்கள். அப்போதும் வெறும் பக்கம்தான் வந்தது. உடனே ரெலிபோன் எடுத்தார்கள்.

ரெலிபோனுக்கு ஷாமினியின் அம்மா குணலட்சுமி பதில் சொன்னாள்.

“ஒருத்தரும் சாகேல்லை. கொம்பியூட்டருக்குத்தான் வருத்தம்.”

“அப்ப எப்ப எடுக்கினம்?” என்று ஒருவர் கேட்டார்.

“நாளைக்குப் பின்னேரம். ஓட்டோவிலை,” என்றாள் அம்மா. சங்கம் கணினியை எடுக்க வருவதாக அப்போதுதான் தகவல் சொல்லியிருந்தது.

லண்டன் கிளை கல்லூரி வாசலுக்கு ஒரு மலர்வளையம் ஒழுங்கு செய்தது. அதன் பட்டியில் ‘அன்னாரின் பிரிவால் துயருறும்’ என்று இருந்தது. அன்னார் யார் என்பதற்கு இடம் விடப்பட்டிருந்தது. மெல்பேர்ண் கிளை இன்னும் ஒரு படி மேலே போய் இரங்கற்கூட்டமே நடத்தியது. ஐந்து பேர் பேசினார்கள். மரித்தவர் எப்போதும் சிரித்த முகத்துடன் இருப்பவர் என்பதில் ஐவருக்கும் ஒரே கருத்து.

செவ்வாய்க்கிழமை கணினி கல்லூரி நூலகத்தின் இரும்பு அலுமாரிக்குள் வைக்கப்பட்டது. மூன்று பூட்டுகள் போடப்பட்டன. மூன்று திறப்புகளையும் மூன்று பேர் வைத்துக்கொண்டார்கள். மூவரும் ஒன்றாக நின்றால்தான் திறக்கலாம்.

“இரும்பு,” என்று அலுமாரியைத் தட்டிக் காட்டினார் கனிசியஸ். “புழு துளைக்காது.”

புதன்கிழமை பின்னேரம் நாலு மணிக்குச் செயற்குழு கூடியது. நாற்பத்தொன்பது மணித்தியாலம் இருந்தது. ஷாமினி ஒரு வேண்டுகோள் எழுதிக்கொண்டு போயிருந்தாள். பென்டிரைவில் இருந்து ஒரே ஒரு கோப்பு. அரை மணித்தியாலம் போதும்.

கமலாவதி ரீச்சர் சங்க விதிகள் அடங்கிய யாப்பை எடுத்து வைத்து, பதினான்காம் பிரிவை நின்றபடி வாசித்தார். மரண அறிவித்தல் ஒன்று கிடைக்குமிடத்து, மரித்தவரின் பெயர் கூறி அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றி, இரண்டு நிமிட மௌனம் அனுட்டிக்கும்வரை, சங்கம் வேறெந்த அலுவலையும் எடுத்துக்கொள்ளலாகாது.

“அறிவித்தல் கிடைச்சிருக்கு,” என்றார் ரீச்சர். “எனக்கும் கிடைச்சது. நானும் திறந்தனான். பேரைச் சொல்லும் பிள்ளை, மௌனம் அனுட்டிச்சிட்டு உம்மடை அலுவலைப் பாப்பம்.”

“ரீச்சர், அது புழு அனுப்பினது. ஒருத்தரும் சாகேல்லை.”

“அப்ப அறிவித்தல் பொய் எண்டு சங்கம் எழுதி வைக்கிறதே? நூற்றுப் பதினாறு வருசத்திலை எங்களுக்குப் பொய் அறிவித்தல் வந்ததில்லை.”

“ரொறன்ரோவுக்கு எடுத்து நிருஷனைக் கேட்டால் முடிஞ்சுது,” என்றார் கனிசியஸ்.

தலைவர் கையை உயர்த்தினார். “நான் கேட்டனான். அந்தப் பெடியன் துயரத்தாலை கதைக்க முடியாமல் இருக்கிறான். அவனை ஒருத்தரும் கரைச்சல்படுத்தக் கூடாது.”

ஷாமினி தலைவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

மரித்தவர் கிடைக்கும்வரை கூட்டத்தில் அலுவல் எதுவும் எடுக்க முடியாது என்பதால், புழுவிலிருந்து வீட்டுக் கணினிகளைப் பாதுகாப்பதுபற்றி உரையாடுவது என்று முடிவானது. உரையாடல் அலுவல் ஆகாது. ஷாமினி வைத்திருந்த ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் எடுக்கப்பட்டது. அதில் நாலு வரிகள்தான் இருந்தன. தெரிந்தவர் அனுப்பினாலும், எதிர்பாராத இணைப்பைத் திறக்க வேண்டாம். சந்தேகம் என்றால் அனுப்பியவருக்கு ரெலிபோன் எடுத்துக் கேளுங்கள். மஞ்சள் பட்டையை அமத்த வேண்டாம். கணினி கேட்கும் புதுப்பிப்புகளை ஒத்திப்போடாமல் செய்யுங்கள், மீள்பிரதியைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள்.

“தெரிஞ்சவை அனுப்பினாலும் எண்டு போட்டால் தெரிஞ்சவை என்ன நினைப்பினம்?” என்றார் ரீச்சர்.

அந்த வரிக்குப் பின்னால் விதிவிலக்கு ஒன்று சேர்க்கப்பட்டது. மரணம், அந்தியேட்டி, கலியாணம், சாமத்தியவீடு, ஞானஸ்நானம், கோயில் திருவிழா, அறுவடைப் பண்டிகை ஆகியன தவிர. ரெலிபோன் எடுத்துக் கேட்கும் வரிக்கு, துக்க வீடுகள் தவிர என்று சேர்க்கப்பட்டது. மஞ்சள் பட்டை மரியாதையாக அனுமதி கேட்பதால், அதை மறுக்கும்போது வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றார் தலைவர். புதுப்பிப்புக்குப் பொதுக்கூட்ட அங்கீகாரம் வேண்டும் என்றார் கனிசியஸ். இறுதி வடிவம் ஒரு கோப்பாக இணைக்கப்பட்டு, ‘முக்கிய அறிவித்தல்’ என்ற தலைப்பில், ரீச்சரின் கைப்பேசியிலிருந்து எல்லோருக்கும் அனுப்பப்பட்டது. கட்டாயம் திறக்கவும் என்று கீழே எழுதியிருந்தது.

தலைவர் சிறிய உரை ஒன்று ஆற்றினார்.

“நண்பர்களே, இந்தப் புழு எமது சங்கத்தைத் தெரிந்தெடுத்தது தற்செயலன்று. ஒற்றுமை இல்லாத இடத்தில் புழு பரவாது. ஒருவருடைய கடிதத்தை மற்றவர் திறப்பதே இல்லை என்றால் அது பட்டினி கிடந்து செத்திருக்கும். மூன்று மணித்தியாலத்தில் ஐந்து கண்டங்களை அது எட்டியது என்றால், அந்தப் பெருமை எம்மைச் சேரும். விழிப்பாக இருந்த சங்கங்களுக்கு இது கிடைத்ததா?”

கைதட்டினார்கள். ஷாமினி எழுந்து நின்றாள். அவள் கூட்டத்தில் எழுந்து நிற்பது அதுவே முதல் தடவை.

“என்ன பிள்ளை, ஏதும் சொல்லப்போறீரே?” என்று தலைவர் அன்பாகக் கேட்டார். பிறகு மற்றவர்களிடம் திரும்பினார். “நோர்வேக்கு நான் எழுதின கடிதத்திலை முதல் வசனமே, இவள் அடக்கமான பிள்ளை எண்டுதான்.”

ஷாமினி திரும்பவும் கதிரையில் இருந்தாள்.

வீட்டில் அம்மா சோற்றைப் போட்டு முன்னால் வைத்தாள்.

“மூண்டு பூட்டுப் போட்டு வைக்கிறதுக்கு உதென்ன நகையே?”

“பேர் வேணுமாம் அம்மா. செத்தவற்றை பேர்.”

“ஆரின்ரையாவது பேரைச் சொல்லிவிடன். கோப்பாயிலை செத்த ஆக்களுக்குப் பஞ்சமே?”

“அது பொய்.”

“அப்ப மெய்யைச் சொல்லு. உனக்குத் தெரியும் எண்டு உன்ரை மூஞ்சையிலை எழுதிக் கிடக்கு. கிணத்துத் தண்ணியோடை மட்டும்தான் நீ கதைப்பாய்.”

ஷாமினி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

வியாழன் காலை பதினொரு மணிக்கு, முப்பது மணித்தியாலம் இருக்கும்போது, தொண்டைமானாற்றுக்கு பஸ் பிடித்தாள். ரீச்சர் நேர்த்திக்கடன் ஒன்றுக்காக அங்கே செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தங்கியிருந்தார். அன்னதான மடத்தில் கறிக்கு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். திறப்பு கைப்பைக்குள் இருந்தது. கைப்பை மடியில் இருந்தது.

“ரீச்சர், நீங்கள் திறப்பைத் தந்தால் நான் மற்ற ரெண்டு பேரிட்டையும் கேப்பன்.”

“திறப்பைத் தரலாம் பிள்ளை. ஆனால் திறப்போடை நானும் நிக்கவேணும். நான் நாளைக்கு மத்தியானம்தான் வாறன். முருகனுக்குச் சொன்ன சொல்லு.” ரீச்சர் கத்தரிக்காயைத் தண்ணீருக்குள் போட்டார். “உம்மைப் பாக்கப் பாவமாத்தான் கிடக்கு. ஆனால் பாவம் எண்டதுக்கு யாப்பிலை பிரிவு இல்லை.”

அவள் திரும்பி வந்தபோது, கனிசியஸ் நூலகத்தில் ரெலிபோனுக்கு முன்னால் இருந்தார். மரித்தவரைக் கண்டுபிடிக்க ஒரு உபகுழு அமைக்கப்பட்டிருந்தது. உபகுழு அவர் ஒருவர்தான். எண்பது வயதைத் தாண்டிய அறுபத்து மூன்று அங்கத்தவர்களுக்கு அவர் வரிசையாக ரெலிபோன் எடுத்து, இருக்கிறார்களா என்று கேட்டார். இருப்பவர்களுக்குப் புள்ளடி போட்டார். அளவெட்டியில் ஒருவர், தான் இருப்பதாகவும், இருபது வருடம் கழித்துச் சங்கம் அதை விசாரிப்பது மகிழ்ச்சி என்றும் சொன்னார். இன்னொருவர் தன் மகனைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

“அறுபத்து மூண்டு பேரும் இருக்கினம்,” என்று கனிசியஸ் மிகவும் மனம் சோர்ந்து சொன்னார். “ஒருத்தர்கூட உதவி செய்யேல்லை.”

“அண்ணை, எழுபதுக்கு மேலை பாத்தனீங்களோ?”

கேள்வி எப்படித் தன் வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கனிசியஸ் நிமிர்ந்து பார்த்தார்.

“எழுபதுக்கு மேலை எண்டால் நானும் வாறன், தலைவரும் வாறார். நாங்கள் இருக்கிறமே.”

“ஓம்,” என்றாள் அவள்.

அன்று பின்னேரம் அவள் இராசநாயகம் சேரின் வீட்டுக்குச் சைக்கிளில் போனாள். அவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். அவள் படியில் நின்றாள்.

“சேர், நீங்களே சொல்லிவிடுங்கோ. இல்லாட்டி வந்தது பிழையான கடிதம் எண்டாவது சொல்லுங்கோ. எனக்கு நாளைக்கு ஐஞ்சு மணிக்கு முடிஞ்சிடும்.”

“பிள்ளை, நோர்வே எங்கையும் ஓடிப்போகாது. வாற வருசமும் இருக்கும்.” அவர் குரல் தாழ்ந்தது. “எனக்கு இந்தச் சங்கத்தைவிட்டால் வேறை என்ன இருக்கு? சிரிப்பினம் பிள்ளை. ரொறன்ரோவிலை சிரிப்பினம், லண்டனிலை சிரிப்பினம். கொஞ்சம் யோசியும்.”

அவள் யோசித்தாள். நாற்பத்திரண்டு கிணறுகளில் பதினேழின் தண்ணீர் கைக்குழந்தைக்குக் கொடுக்கக்கூடாதது. அதை வேறு யாரும் இன்னும் எழுதவில்லை. அவள் எழுதியது அலுமாரிக்குள் இருந்தது.

“ஓம் சேர்,” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினாள். பாதி வழியில் இறங்கி, வேலி ஓரமாக நின்று அழுதாள். யாரோ கடந்து போனார்கள். சங்கிலி கழன்றுவிட்டதா என்று கேட்டார்கள். ஓம் என்றாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு விசேட பொதுக்கூட்டம். கல்லூரி மண்டபத்தில் அறுபது பேர் வந்திருந்தார்கள். மலர்வளையம் மேசையில் வைக்கப்பட்டிருந்தது. கொஞ்சம் வாடியிருந்தது. மூன்று திறப்புகளும் மண்டபத்துக்கு வந்திருந்தன. நூலகம் பக்கத்து அறை. கல்லூரி வாசலுக்கு எதிரே கணினிகள் உள்ள தொடர்பு நிலையம் ஒன்று இருந்தது. அங்கே கோப்பைச் சோதித்து ஏற்ற இருபது நிமிடம் போதும் என்று ஷாமினி நேற்றே போய்க் கேட்டு வைத்திருந்தாள்.

முதல் ஒரு மணித்தியாலம் மௌனத்தின் நீளத்தைப்பற்றிப் பேசினார்கள். பெயர் தெரியாதவருக்கும் முழு இரண்டு நிமிடமா, அல்லது ஒரு நிமிடமா என்று விவாதம் வந்தது. பெயர் தெரிந்த பிறகு மிச்ச நிமிடத்தை அனுட்டிக்கலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். இன்னொருவர் வழிமொழிந்தார். மூன்றாமவர் அதை உபகுழுவுக்கு அனுப்பச் சொன்னார்.

நாலு மணி பத்து நிமிடத்துக்குத் தலைவர் எழுந்தார்.

“மரித்தவரை எம்மால் அடையாளம் காண முடியவில்லை. ஆகவே இந்தக் கூட்டத்தை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கத் தீர்மானிப்போம். அதற்கு முன் அந்தப் பெருமகனுக்கு எனது அஞ்சலி. அவர் யாராக இருந்தாலும், தன்னலமற்றவர். முப்பத்தாறு வருடம் கல்விக்காகத் தேய்ந்தவர். சங்கத்தின் தலைமைப் பதவியை நான்கு தடவை, விருப்பமின்றி, ஏற்றுக்கொண்டவர். கல்லூரிக் கிணற்றுக்குக் கட்டுக் கட்டியவர். ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒருங்கே புலமை வாய்ந்தவர். மாணவரின் கடவுள். அவருடைய அருமையை நாம் அவர் இருக்கும்போது உணரவில்லை.”

அவருடைய குரல் உடைந்தது. கைக்குட்டையை எடுத்தார். மண்டபத்தில் சிலர் கண் துடைத்தார்கள்.

கனிசியஸ் கணக்குப் பார்ப்பதுபோல விரல்களை மடக்கினார். “நாலு தரம் தலைவரா இருந்தது ஆர்?” என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் உஷ் என்றார்.

“ஒத்திவைக்கிறதுக்குச் சம்மதம் எண்டவை கையை உயர்த்துங்கோ,” என்றார் ரீச்சர்.

கைகள் உயரத் தொடங்கின. சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபத்தொன்று. ஷாமினி எழுந்தாள். உயர்ந்த கைகளில் ஒன்று என்று நினைத்து ரீச்சர் அவளையும் எண்ணினார்.

“நான் கையை உயர்த்தேல்லை ரீச்சர்.”

“வேறை என்ன பிள்ளை?”

“பேர் தெரியும்.”

கைகள் இறங்கின. தலைவர் கைக்குட்டையை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

“அடக்கமான பிள்ளை,” என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து. “இரும் பிள்ளை.”

அவள் இருக்கவில்லை. முன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லும்,” என்றார் ரீச்சர். பேனாவை எடுத்து, பதினான்காம் பிரிவின் கீழ் ஐந்து நாளாக வெறுமையாக இருந்த இடத்தில் வைத்தார். “பேரைச் சொன்னால் மௌனம், மௌனம் முடிய அலுமாரி. செத்தது ஆர்?”

“செத்தவர் ஒருத்தரும் இல்லை,” என்றாள் ஷாமினி. “பங்குனி மாதம் இராசநாயகம் சேர் தன்ரை மரண அறிவித்தலைத் தானே எழுதி, பிழை பாக்கச் சொல்லி ரொறன்ரோ நிருஷன் அண்ணைக்கு என்னைக்கொண்டு அனுப்பினவர். ஞாயிற்றுக்கிழமை அதுக்குப் பதில் வந்திட்டுது எண்டு நினைச்சுச் சேர்தான் மஞ்சள் பட்டையை அமத்தினவர்.”